இருபதிலிருந்து எண்பது

கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து.
வாடகை என்று நெற்றியில் எழுதித்தான்
தெருவுக்கு விடுகிறார்கள் இந்தக் காரை.

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டருக்குப் பின்னால்
தகரக் கூரையின் கீழ் நின்றது.
இம்தியாஸ் செல்போனை நீட்டியபடி சுற்றி வந்தான்:
"பழைய கீறல் எட்டு, பாத்துக்கங்க மேடம்."
பதினொன்று, என்றேன்.
பின்கதவின் விளிம்பு, பெட்ரோல் மூடிக்குக் கீழே,
இடது கண்ணாடியின் முதுகு.
நிமிர்ந்து பார்த்தான்.
பன்னிரண்டு வருஷமாக இதுதான் தம்பி என் சோறு.
மோதிய வண்டிகளுக்கு விலை போடும் சர்வேயர் நான்.
இந்த ரகத்தை முகம் நசுங்கித்தான் பார்த்திருக்கிறேன்,
எஞ்சின் ஓட்டுபவரின் மடிவரை வந்து,
ஏர்பேக் வெளித்தள்ளிய நாக்காக.
பம்பரின் விலை தெரியும்.
ஹெட்லைட்டின் விலை, கூலியோடு தெரியும்.
முழுதாக ஒன்று
எப்படி மூச்சு விடும் என்று தெரியாது.

நாள் வாடகை ஒன்பதாயிரத்து ஐநூறு.
"எண்பதுக்கு மேல போனா ஆபீஸுக்கு மெசேஜ் வந்துரும்.
மூணு மெசேஜ், டெபாசிட் போச்சு."
முந்நூறு குதிரை, எண்பது கிலோமீட்டர்.
லாயத்துக்குள் நின்றபடி
விடிய விடியக் கனைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்.
கையெழுத்துப் போட்டேன்.

இருக்கை யாரோ ஒரு நெட்டையனுக்குச் சாய்ந்திருந்தது.
இழுக்க இழுக்க முன்னே வந்தது.
ப்ளூடூத்தைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள்:
செந்தூரன் போன்
குட்டிமா 2
அப்பா புது நம்பர்
டேய் தொடாதே
எல்லோரும் ஒருநாள் இங்கே உட்கார்ந்து
எதையோ சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள்.
கடைசியில் சேர்ந்தது
ஜெசிந்தா போன்.

நூறடி ரோட்டில் மெட்ரோ பள்ளம்.
முன்னால் ஒழுகிக்கொண்டே ஒரு தண்ணீர் லாரி.
ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம்.
பெடலை மிதிக்கவில்லை, நினைத்தேன்,
அதற்கே உறுமியது.
காசி தியேட்டர் சிக்னலில்
முதுகில் பிரியாணிப் பெட்டியோடு ஒரு பையன்
கண்ணாடியைத் தட்டினான்.
"செம வண்டிக்கா. எவ்ளோ குடுக்கும்?"
ஏழு.
"ஏழா!"
பச்சை விழும்வரை சிரித்தான்.
விழுந்ததும்
அவன் ஸ்கூட்டர்தான் முதலில் போனது.

உத்தண்டி டோல் தாண்டும்போது மணி பதினொன்றரை.
இடப்பக்கம் கடல். தெரியவில்லை, உதட்டில் உப்பாக இருந்தது.
இருபதில் ஊர்ந்தேன்.
கண்ணாடியில் யாரும் இல்லை. முன்னால் யாரும் இல்லை.

மிதித்தேன்.

முதுகு இருக்கைக்குள் போயிற்று.
வயிறு டோல்கேட்டிலேயே நின்றுவிட்டது.
ஒரு சத்தம் கிளம்பியது,
பாதி வண்டியுடையது,
மீதியை என் தொண்டையில்தான் தேட வேண்டும்.
எழுபத்தெட்டு. காலை எடுத்தேன்.
நான்கு விநாடி.
இவ்வளவுதான் எனக்கு வாடகைக்கு விட்டிருந்தது.

மறுபடி இருபது. மறுபடி.
கோவளத்துக்குள் ஒன்பது முறை.
மொத்தம் முப்பத்தாறு விநாடி.
கணக்குப் போடாமல் இருக்க வரவில்லை:
விநாடி இருநூற்று அறுபத்து நாலு ரூபாய்.
பேரம் பேசியிருந்தால்
கூடவே கொடுத்திருப்பேன்.

காலையில் பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
இம்தியாஸ் மறுபடி செல்போனை நீட்டிச் சுற்றினான்.
"பதினொன்னு. கரெக்டா இருக்கு."
பானட்டின் வலது ஓரம்
கல் தெறித்த புள்ளி ஒன்று, கடுகளவு.
முட்டுக்காட்டுப் பாலத்தில் பட்டது.
பட்ட சத்தமும் கேட்டேன்.
"வேற எதுனா உண்டா மேடம்?"
வாயைத் திறந்தேன்.
இல்லை, என்றது.
என் கையெழுத்து இல்லாத முதல் சேதம்.

பெரம்பூருக்கு ஆட்டோ.
வள்ளுவர் கோட்டம் பக்கம்
சாலை கொஞ்சம் திறந்து கொடுத்தது.
ஆட்டோக்காரர் கைப்பிடியைத் திருகினார்.
பின்சீட்டில்
என் வலது கால்
தரைத் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.