மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

மொண்டெவிடியோவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி.
மதிய இடைவேளை. ஆற்றுக்காற்றில்
ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.
எட்டு வருடம் இழைத்த என் கவிதையை
அந்தக் கட்டத்துக்குள் ஒட்டினேன்.
யார் சாயலென்று சொல்லிவிடுமாம்.
சுற்றியது, சுற்றியது,
துப்பறியும் கதைகளாய் எழுதிக் குவித்த ஒருவர் பெயர்.
அறுபத்திரண்டு விழுக்காடு.
ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டுப் பார்த்தேன்:
சமையல் குறிப்புக்காரி.

ஆத்திரத்தில், மேசைமேல் கிடந்த
எவரிஸ்தோவின் வேலை அறிக்கையைத் தட்டச்சிட்டேன்,
பிழைகளோடு, கிரீஸ் கறை மட்டும் நீங்கலாக:
‘மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது.
உள்ளே ஒரு அம்மாள். அழுதிருந்தார்.
கதவைத் திறந்தேன். இறங்கவில்லை.
மேலே போகணுமா கீழேயா கேட்டேன்.
கொஞ்ச நேரம் இப்படியே என்றார்.
சரியென்று வெளியே உட்கார்ந்தேன்.
வடம் மாற்ற வேண்டும்.’

தொண்ணூற்றொன்று.
பதினேழு வயதில் நான்
தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய பெயர்.

கை துடைத்தபடி அவனே வந்து நின்றான்:
‘ஒதிலியா, வடத்துக்குப் பணம் பாஸாயிற்றா?’
ஆயிற்று என்றேன்.
வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை.

அவன் எழுத்துப்பிழைகளைத் திருத்தத்தான்
எனக்குச் சம்பளம்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
மாட்டினேன்.
முத்திரை மட்டும் குத்தினேன்.