குளியல் தொட்டி

காலை ஒன்பதுக்கே முப்பத்தெட்டு டிகிரி.
எச்சூக்காவில் கிறிஸ்துமஸ்.
நேற்றிரவு ஃபிரிட்ஜ் ஒருமுறை விக்கி
அடங்கிவிட்டது.
குளியல் தொட்டி நிறைய ஐஸைக் கொட்டி
ஆறு கிலோ இறால், பீர், பன்றித் தொடை எல்லாவற்றையும்
படுக்க வைத்தேன்.
கதவில் எழுதி ஒட்டினேன்: இன்று யாரும் குளிக்கக் கூடாது.

முப்பத்தொரு பேர். நாற்காலி பத்தொன்பது.
மற்றவர்களுக்குக் கவிழ்த்த பால் பெட்டி.
வாழ்த்து அட்டையில் பனி கொட்டுகிறது;
அதை விசிறியாக்கி ஈ ஓட்டுகிறார் மெர்வின் சித்தப்பா.
புழக்கடையில் யாரோ தூக்கியடித்த பந்து
நேராகப் பாவ்லோவா கேக்கில் இறங்கியது.
கிரீமை நக்கிவிட்டு
அடுத்த பந்தை வீசினான் ஃபின்லே.

பன்னிரண்டரைக்கு ஐஸ் தண்ணீராகிவிட்டது.
ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை.
அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம்.
டெஸ்மண்ட்.
என் தங்கை ரோவினாவை விட்டுப் போனவன்.
நான் அழைக்கவில்லை.
தோளுக்கொன்றாய் ஐஸ் மூட்டை,
முதுகெல்லாம் ஈரம்.

மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள் ரோவினா.
முழங்கைவரை சாறு வழிய
அவனைப் பார்த்தாள்.
மூட்டைகளைப் பார்த்தாள்.
பேச்சு நின்ற வீட்டில்
மின்விசிறி மட்டும் கடகடத்தது.
"தொட்டி எங்கேன்னு தெரியுமில்ல?"
அவ்வளவுதான் கேட்டாள்.
கத்தி மறுபடி பழத்துக்குத் திரும்பியது.

இரவு, தட்டு கழுவும்போது எண்ணினேன்.
முப்பத்திரண்டு.

கடைசிக் காரும் போனபின்
உடுத்த உடையோடு தொட்டியில் இறங்கினேன்.
அப்பாடா, இன்னும் சில்லென்றுதான் இருந்தது.
கால்விரலில் ஏதோ உரச
துழாவி எடுத்தேன்:
தப்பித்த ஒற்றை இறால்.
உரித்துத் தின்றேன்.