பதினொரு முறை விற்ற சேவல்

கிபிவோட்டின் இதய வால்வுக்கு
நாலு லட்சம் ஷில்லிங் குறைந்தது.
நந்தி மலையில், தேவாலயக் கொட்டகையில்
ஒலிபெருக்கி பிடித்த செருயோட்
எங்கள் சேவலை ஏலம் விட்டார்.

தேயிலை எடைபோடுகிறவர் எண்ணூறுக்கு எடுத்தார்.
எடுத்த கையோடு
"மறுபடி விடுங்க" என்று திருப்பித் தந்தார்.
மோட்டார் சைக்கிள் பையன்கள் சேர்ந்து ஆயிரத்து நூறு.
அவர்களும் தந்துவிட்டார்கள்.
பேச்சுவார்த்தை நின்றுபோன பெரியப்பா மகள்
என் முகம் பார்க்காமல்
மூவாயிரம் என்றாள்.

கால் கட்டிய சேவல் கைக்குக் கை போய்
கடைசியில் என் கணக்கு நோட்டில் எச்சமிட்டது,
சரியாக அவள் பெயர்மேல்.
துடைத்தேன். தொகை அழியவில்லை.

இரவு எண்ணினால் பாதிகூட இல்லை.
மீதிக்குப் பசுவை விற்றோம்.
அதை யாரும் திருப்பித் தரவில்லை.

எல்டோரெட்டிலிருந்து தம்பி வந்து ஆறு வாரம்.
நெஞ்சின் நடுவே நீளத் தையல்.
இருமல் வந்தால் தலையணையை இறுக்கிக்கொள்கிறான்.
சூப்புக்கு இந்தச் சேவல்தான் என்றாள் அம்மா.
"பதினொரு பேர் வாங்கினது,
நான் ஒருத்தன் எப்படித் தின்ன?"
சிரித்தான், வலித்தது.

விடியுமுன்னே கூவித் தொலைக்கிறது.
நோட்டைப் புரட்டுகிறேன்.
வரும் சனிக்கிழமை
அவள் மகனின் சிறுநீரகத்துக்கு வசூல்.
மூவாயிரத்துக்குக் குறையக் கூடாது.
சேவலையும் கொண்டுபோக வேண்டும்.