தூர்க்கும் கணக்கு

படியூர்க் காட்டில்
சித்தப்பன் கல் தோண்டிய குழி,
நாற்பதடி.
பட்டாணியளவு பச்சைக்கல் இரண்டு வந்தது,
அவருடைய இடது கால் போனது.
இப்போது தாசில்தார் நோட்டீஸ்: மூடு.

ஒன்பதாவது லோடு கொட்டிவிட்டு
பொங்கியண்ணன் கேட்டான்:
"உங்க சைபீரியாச் சுரங்கத்துல எப்படீங்க மூடுவீங்க?"

"சல்லியப் போட்டுத் தண்ணி உடுவோம்.
ரெண்டு நாள்ல பாறையாயிரும்.
சிமெண்ட்டு வேண்டாம், குளிருதான் கொத்தனாரு."

நம்பாமல் சிரித்தான்.
எதற்கும் இருக்கட்டுமென்று
டேங்கர் வால்வைத் திறந்தான்.
தண்ணீர் உள்ளே போனது,
போய்க்கொண்டே இருந்தது.
கொட்டிய மண் ஒரு முழம் இறங்கியது.

"இங்க எப்பங்க கெட்டியாகும்?"

போன கோடையில்
அங்கேயும் ஒரு சுவர் வேர்த்ததை
நான் சொல்லவில்லை.
பத்தாவது லோடுக்குக் கை காட்டினேன்.