ஐந்து நாற்பது

அடுத்த பெட்ரோலுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர்
என்கிறது பலகை.
பூஜ்யத்தின் நட்டநடுவில்
குறி பிசகாத ஒரு தோட்டாத் துளை.
இங்கே பொழுதுபோக்கு இப்படித்தான் போல.

அக்டோபர் கடைசி. ஒன்டாரியோவின் வடக்கு.
இடப்பக்க வைப்பர் கிழிந்து
என் கண்ணெதிரே ஒரு புருவத்தை
வரைந்து வரைந்து காட்டுகிறது.
ஆங்கிலத்தில் தொடங்கிய வானிலை அறிக்கையை
இன்னொரு அலைவரிசை வந்து பிரெஞ்சில் முடிக்கிறது.
இரண்டிலும் பனிதான்.

முதல் ஊரில்
விடுதிக்காரி கிஸ்லேன்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"யார் செத்தது?"
யாருமில்லை, சும்மா வந்தேன் என்றேன்.
அந்தச் சும்மாவை
அவளுடைய பிரெஞ்சிலும் வைக்க இடமில்லை
என்னுடைய ஆங்கிலத்திலும் இல்லை.
கூடுதலாக ஒரு போர்வை தந்தாள்,
துக்க வீட்டுக்காரருக்குத் தருவதுபோல
தோளைத் தொட்டு.

அதற்குப் பிறகு காரணங்களோடு போனேன்.
இரண்டாவது ஊரில், பறவை பார்க்க.
பெட்ரோல் போட்ட பையன் வானத்தை அண்ணாந்தான்.
சுரங்கக் கோபுரத்தின் துருவேறிய சக்கரத்தில்
ஒரே ஒரு அண்டங்காக்கை.
"அதையா?"

மூன்றாவது ஊரில் வீடு வாங்க என்று சொன்னது
வினையாகிவிட்டது.
ஆணிக்கடையைப் பூட்டாமல் அப்படியே விட்டுவிட்டு
ஓரெஸ்ட் ஹாவ்ரிலுக் என் காரில் ஏறிக்கொண்டார்.
பதினோரு வீடு காட்டினார்.
எல்லாம் என் காரைவிடக் கொஞ்சம்தான் விலை அதிகம்.
ஒன்றில் கொல்லைப்புறம் வேலியோடு முடிந்தது;
வேலிக்கு அந்தப்பக்கம் தரை இல்லை.
"ஒரு செவ்வாய்க்கிழமை உள்வாங்கிடுச்சு.
கீழே பூரா பழைய சுரங்கம்.
ஒரு கொட்டகை, ஒரு படகு, பக்கத்து வீட்டு ஊஞ்சல்.
உயிர்ச்சேதம் இல்லை" என்றவர்
காலணி நுனியால் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு
அது விழும் சத்தத்துக்குக் காத்திருந்தார்.
"நாய் ஒன்று" என்றார் பிறகு.
விலையை இன்னும் குறைத்துக் கேட்கலாம் என்றார்.

ஊரைத் தாண்டினால் கழிவுநீர் ஏரி.
நீலம்.
உடம்புக்கு ஆகாத நீலம்.
வாத்து ஒன்றுகூட இறங்கவில்லை.
கரையில் யாரோ மெனக்கெட்டு
ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.
ஒரு சாண்ட்விச் தீரும்வரை
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஊரில் மழை.
உணவகம் முழுக்க ஆரஞ்சு நிறச் சட்டைகள்,
முழங்கைவரை பளபளக்கும் பட்டைகள்.
யாருடைய மச்சானோ
பனிச்சறுக்கு வண்டியைக் கடனுக்கு வாங்கிய கதை
உச்சத்தில் இருந்தது.
தூரத்தில் ஊளைபோல் ஒரு சங்கு.
கதை நிற்கவில்லை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
எல்லாக் கைகளும்
காப்பிக் கோப்பையை மேசையிலிருந்து ஒரு சாண் தூக்கின.

பூமி ஒருமுறை தோளைக் குலுக்கியது.

கோப்பைகள் இறங்கின.
மச்சான் தவணை கட்டவில்லையாம்.
என் மேசையில் மட்டும்
காப்பி வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் மேசைப் பெண் தன் கைக்குட்டையைப் போட்டு
ஓட்டத்தை நிறுத்தினாள்.
ஆர்லீன் கியோகே. கிரீ இனத்தவள்.
தன்னைப்போல் இரண்டு ஆள் உயரச் சக்கரம் வைத்த லாரியை
இரவெல்லாம் குழிக்குள் இறக்கி ஏற்றுகிறவள்.
"தினம் ஐந்து நாற்பது" என்றாள்,
ரயில் நேரம் சொல்வதுபோல.
இதோடு நிறுத்திக்கொண்டாள்.
யார் செத்தது என்று கேட்கவில்லை.
எதற்கு வந்தாய் என்றும் இல்லை.
சொல்ல நான் ஐந்தாவது காரணம் ஒன்றைத்
தயாராக வைத்திருந்தேன்.

வெளியே வந்து என் காரைப் பார்த்தவள்
"இதை வைத்துக்கொண்டா ஓட்டினாய்?" என்று
தன் வண்டியின் பின்னால் துழாவி
ஒரு பழைய வைப்பரை எடுத்து மாட்டிவிட்டாள்.
இரண்டு விரல் நீளம் அதிகம்.
ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரத்தில் இடிக்கிறது.
ஆனால் புருவம் போய்விட்டது.
சாலை தெரிகிறது, தேவைக்கு மேலேயே.

மறுநாள் இருநூறு கிலோமீட்டர் தள்ளி,
இருபுறமும் ஸ்ப்ரூஸ் மரங்களைத் தவிர யாருமில்லை,
கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை,
வலது கை தானாகப் போய்
கோப்பையை எடுத்து உயர்த்திப் பிடித்தது.

ஒன்றும் அதிரவில்லை.
கையை இறக்கத் தோன்றாமல்
அப்படியே ஒரு வளைவு கடந்தேன்.
எதிரே மரம் ஏற்றிவந்த லாரிக்காரன்
தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு
நீளமாக ஒரு ஹாரன் அடித்துப் போனான்.