பத்தரை மணித் தட்டு

சூரை மீன் டப்பாவின் மூடி
சரியாக அழுந்தியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.
நாளுக்கு நாலாயிரம் மூடி.
ஆறரைக்குச் சங்கு ஊதும்.
ஏழே காலுக்கு பெர்மேயோ படகுத்துறையில் இருக்க வேண்டும்.
பதின்மூன்று துடுப்பு, ஒரு சுக்கான்.
தாமதமாய் வருகிறவளுக்குக் கடல் காத்திருந்தாலும்
சுக்கான் பிடிக்கும் மைட்டானே காத்திருக்க மாட்டாள்.

நடுவில் கிடப்பது நாற்பத்தைந்து நிமிடம்.
அதில் இருபது சாலைக்கு.
பத்து, கையின் மீன் வாடைக்கு:
எலுமிச்சை, உப்பு, மறுபடி எலுமிச்சை.
மிச்சப் பதினைந்தில்
ஒருத்தி என்னதான் தின்ன முடியும்?

தின்று பார்த்துவிட்டேன் எல்லாவற்றையும்.
பன்றித் தொத்திறைச்சி போட்ட பருப்புக் குழம்பை
ஒரு கிண்ணம் முழுக்க வழித்த அன்று
மூன்றாம் அலையிலேயே அது திரும்பி வந்து
முன்னிருக்கை இட்சியாரின் முதுகை எட்டிப் பார்த்தது.
(அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.)
வெறும் வயிற்றோடு போன அன்று
இசாரோ தீவைச் சுற்றுகையில்
கண்ணில் பூச்சி பறந்தது,
துடுப்பு தண்ணீரை விட்டு எழ மறுத்தது.
இப்போதைக்கு ஓர் உடன்படிக்கை:
வாழைப்பழம் ஒன்று, பாதாம் ஏழு.
முண்டாக்கா சிக்னல் சிவந்தால் தோலுரிப்பேன்,
பச்சையானால் விழுங்குவேன்.

ஒன்பது வரை கடல்.
பிறகு படகைத் தோளில் தூக்கிக் கொட்டகைக்கு.
பிறகு எடைக் கம்பி, குளியல்.
படியேறி வீட்டுக் கதவைத் திறக்கையில்
மணி பத்தரை.
கைஸ்கா பத்தே காலுக்குக் கிளம்பியிருப்பான்.
ரொட்டிக்கடையில் இரவு மாவு அவனுக்கு.
அவனுக்கு அடுப்பு, எனக்குத் துடுப்பு.
அவன் காலைச் சாப்பாட்டில் பாதிதான்
என் இரவுச் சாப்பாடு.

அடுப்பு மேடையில் தட்டு,
அதைக் கவிழ்த்து மூடிய இன்னொரு தட்டு,
அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம்:
'சூடாக்கு. முட்டையை மட்டும் வேண்டாம்.'
நவம்பரிலிருந்து ஒரே காகிதம்.
முட்டை இல்லாத நாளிலும் அதேதான்.
எண்ணெய் பட்டுப் பட்டு
எழுத்துக்குப் பின்னால் விளக்கு தெரிகிறது.
நானும் அதை மடித்து
உப்பு ஜாடிக்கடியில் வைத்துவிடுவேன், நாளைக்கு.

பிப்ரவரியில் ஒரு வியாழன்
கடலுக்குச் சிவப்பு எச்சரிக்கை.
அலைதடுப்புச் சுவரைத் தாண்டி நுரை
மீன் சந்தைக் கூரையில் விழுந்தது.
மைட்டானே எல்லோரையும் வீட்டுக்குத் துரத்தினாள்.

ஏழரைக்கு வீட்டில் நான்.
அவன் அப்போதுதான் எழுந்து
தலையணைக் கோடு பதிந்த கன்னத்தோடு நின்றான்.
யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டான்.

சேர்ந்து சாப்பிடலாம் என்றோம்.
மேசையைத் தேடவேண்டியிருந்தது.
துடுப்புப் பிடிக்குச் சுற்றும் நாடா,
காயாத காலுறை, அவனுடைய சல்லடை,
மின் கட்டண ரசீதுகள் இரண்டு மாதத்துக்கு.
எல்லாம் நாற்காலிக்குப் போயின.
நாற்காலி போதாமல்
நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உப்புக் கருவாடு, சிவப்பு மிளகாய்க் குழம்பு.
ஆவி பறந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டேன்,
சூடான சாப்பாட்டை ஊதவேண்டும் என்பதே மறந்துபோய்.
அவன் மெல்லும்போது
இடது காது மட்டும் லேசாக அசைகிறது.
ஆறு வருஷத்தில் எனக்குத் தெரியாது.
பேச ஒன்றும் அகப்படவில்லை.
'உப்பு?' என்றான்.
'சரியாக இருக்கிறது' என்றேன்.
ரொட்டியால் குழம்பை வழித்தோம், இருவரும்,
ஒரே சட்டியிலிருந்து,
சட்டி பளபளக்கும்வரை.

பத்தே காலுக்கு அவன் போனான்.
குடை எடுத்தானா என்று சன்னலில் பார்த்தேன்.
இல்லை.

பத்தரைக்கு
வயிறு கதவைத் தட்டியது.
இப்போதுதானே தின்றாய் என்றேன்.
அது கேட்கவில்லை,
அதற்குக் கடிகாரம்தான் தெரியும், விருந்து தெரியாது.

சமையலறை விளக்கைப் போட்டேன்.
அடுப்பு மேடையில் தட்டு,
கவிழ்த்த தட்டு,
அதே காகிதம்.
எப்போது வைத்தான்?
நான் காலுறை உலர்த்தப் போனேனே, அப்போதா?

நின்றுகொண்டே தின்றேன்.
அன்று முட்டை இருந்தது.
சூடாக்கவில்லை.