ஐந்நூற்று ஐம்பது

இஷாவுக்குப் பின் அனுப்பினேன்:
நாளை தொட்டி கழுவுகிறார்கள், தண்ணீர் வராது,
இன்றே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.
அறுநூற்றுப் பதினேழு முகவரிகள்.
கீழக்கரை சங்குவெட்டித் தெருவில் இருப்பதே இருநூறு வீடு.
மிச்சமெல்லாம் துபாய், கொழும்பு, புரூணை.
இங்கே குழாய் நின்றால் அங்கே யாருக்கும் தாகம் எடுக்காது.
ஆனாலும் எல்லாருக்கும் போகவேண்டும்
என்பது சங்கத் தீர்மானம்.

தேநீர் ஆறுவதற்குள்
திரும்பத் தொடங்கிவிட்டன.

அலை திரும்புவது போல என்று எழுத வருகிறது.
ஜன்னலைத் திறந்தால் ஜெட்டி தெரிகிற ஊரில்
அது சுலபம்.
அலை காரணம் சொல்வதில்லை.
இவை சொல்கின்றன, எண் போட்டு.

நானூற்றில் தொடங்கினால் பொறு:
பெட்டி நிறைந்திருக்கிறது, வாசல் அடைத்திருக்கிறது,
அப்புறம் வா.
ஐந்நூற்றில் தொடங்கினால் போயிற்று.
ஐந்நூற்று ஐம்பது:
அப்படி ஒருவர் இங்கே இல்லை.

மூன்று முறை வந்தால் வெட்டிவிடு
என்றார் செயலாளர் மஹ்மூது நைனா.
இல்லாத வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தால்
திருட்டுக் கூட்டம் என்று நினைத்து
நம் மெயிலையெல்லாம் குப்பையில் போடுவான்.
நாளைக்கு ஜனாஸா அறிவிப்பும் குப்பைக்குத்தான் போகும்.
அவர் சொன்னது சரி.
அதுதான் சங்கடம்.

சீனி அசனா, நானூற்று ஐம்பத்திரண்டு.
மகள் கல்யாணப் படங்களை
ஆளாளுக்கு அனுப்பியிருப்பார்கள்.
பொறுக்கலாம்.

லெப்பைத்தம்பி, மூன்றாம் முறை.
அஜ்மானில் கம்பெனி மூடிவிட்டது,
கம்பெனி கொடுத்த முகவரியும் அதோடு.
ஆள் இருக்கிறார்.
நேற்று மீன்கடையில் ஊளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார், கேட்டேன்.
மெயிலா, அதெல்லாம் விசாவோடயே ரத்து என்றார்,
செவுளைத் தூக்கிப் பார்த்தபடி.
வெட்டினேன்.

பாருக் மரைக்காயர் திரும்பவில்லை.
எப்போதும் போல உடனே பதில் வந்தது:
விடுப்பில் இருக்கிறேன். ஞாயிறு வந்துவிடுவேன்.
மூன்று வருடமாக இதே ஞாயிறு.
அவர் மௌத்தான செய்தியை அனுப்பியது நான்தான்.
அதற்கும் இதையே எழுதியிருந்தார்.
திரும்பி வராததை வெட்ட
விதி எதுவும் இல்லை.
செயலாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பட்டியலின் அடியில் ஒன்று.
காதர் மீறான், புரூணை. ஐந்நூற்று ஐம்பது.
எனக்கு முன் இருந்தவர்
திரும்பியவற்றைத் திறந்தே பார்த்ததில்லை.
பின்னால் போனேன், போய்க்கொண்டே இருந்தது,
ஆறு வருடம்.
சந்தா மட்டும் ஒவ்வொரு ரஜபிலும் வந்திருக்கிறது.
வெட்டப் போன கையை எடுத்துவிட்டு
பழைய சந்தா நோட்டைத் தேடினேன்.
கரப்பான் அரித்த பக்கத்தில் அவர் கையெழுத்து,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக.
அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.
பதிந்தவர் ஓர் எழுத்தை
இரண்டு தரம் தட்டிவிட்டார்.

அப்படி ஒருவர் இல்லைதான்.
நாங்கள் எழுதிய அந்தப் பெயரில் இல்லை.

ஆறு வருடம்.
எத்தனை பிறை, எத்தனை நிக்காஹ்,
வெள்ளம் புகுந்த இரவு,
யாராவது போனில் சொல்லியிருப்பார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.
எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாமா?
அனுப்பினால்
இத்தனை பேரும் அவருக்கு
ஒரே ராத்திரியில் சாவார்கள்.

ஓர் எழுத்தை எடுத்தேன்.
இன்றையதை மட்டும் அனுப்பினேன், தொட்டி, தண்ணீர்.
கச்சான் ஜன்னலை அறைந்தது, கொண்டி போட எழுந்தேன்.
அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும்,
காலையில் பார்ப்பார்.

உட்காருவதற்குள் வந்திருந்தது.
முதலில் எண்ணைத் தேடினேன், பழக்கம்.
எண் இல்லை.

சரி.
இப்பவே பிடிச்சு வச்சிர்றேன்.